ஐஸ் பெட்டிக்குள் என் புருஷன்

என் புருஷன் செத்துப்போய்விட்டதாகத் திண்டிவனம் முழுக்க பேனர் கட்டியிருந்தார்கள். மேம்பாலத்துக்குக் கீழே ஒன்று, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒன்று, மார்க்கெட் சுவரில் வரிசையாக போஸ்டர். கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் மரியஅந்தோணி மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்கிறார், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி எரிகிறது. அந்த நேரம் அந்த மனுஷன் எங்கள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லாம் சினிமாவுக்காக.

‘செத்துப் பார்த்த சின்னப்பன்’ எங்கள் ஊர் நாடகம். ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் அந்தோணியார் தேர் முடிந்த மறுநாள் கோயில் மைதானத்தில் அதைப் போடுவார்கள். எழுதியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. சின்னப்பன் என்கிற கஞ்சன், தான் செத்தால் எந்த மகன் அழுவான் என்று பார்க்க ஆசைப்பட்டு, செத்த மாதிரி பாடையில் படுத்துக்கொள்வான். மூன்று மகன்களும் அவன் தலைமாட்டிலேயே சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள். ஒருத்தனும் அழமாட்டான். கடைசியில் சின்னப்பன் எழுந்து உட்கார்ந்து, “அழுதது போதும், கஞ்சி ஊத்துங்கடா” என்பான். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்த நாடகத்தில் மகள் வேஷமே கிடையாது. ஆம்பளைகள் எழுதி ஆம்பளைகளே நடித்தது, பொட்டப்பிள்ளை ஞாபகம் எங்கே வரும்?

சின்னப்பனாகப் படுப்பது எப்போதும் என் வீட்டுக்காரர்தான். மூச்சை அடக்குவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா, “பொணமா நடிக்கிறவனுக்கா பொண்ணு குடுக்கிறது?” என்று கேட்டாராம். கொடுத்துத் தொலைத்தார். உபதேசியார் தேவசகாயம் புடவை கட்டிக்கொண்டு சின்னப்பன் பொண்டாட்டியாக ஒப்பாரி வைப்பார். நிஜப் பொண்டாட்டி நான் கீழே பாயில் உட்கார்ந்து பார்ப்பேன்.

இதைப் படமாக எடுக்கிறேன் என்று வந்தவன் அன்புச்செல்வன். விழுப்புரத்துப் பையன், சென்னையில் சினிமாவில் இருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் சினிமாக்காரனுக்கு உண்டான கிறுக்கு அவனுக்கும் இருந்தது. “இது இந்தக் காலத்துல நடக்கிற மாதிரி எடுக்கிறம்மா” என்றான். கஞ்சன் சின்னப்பன், ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஆனான். பாடைக்குப் பதில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி. தப்படித்துச் சேதி சொல்கிறவனுக்குப் பதில் பேனரும் வாட்ஸ்அப்பும். புடவை கட்டிய தேவசகாயத்துக்குப் பதில் நான். தேவசகாயத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அவரை உபதேசியாராகவே நடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பேரையும் மாற்றினான். “சின்னப்பன்னா பழைய பேரா இருக்கு. ஐயா பேரே நல்லா இருக்கே, மரியஅந்தோணி. அதையே வச்சிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. “உசுரோட இருக்கிற மனுஷன், தம்பி. போட்டோவும் அவுருது, பேரும் அவுருதுன்னா இன்னா அர்த்தம்?”

“உன் பேஜாரு தாங்கல இன்னாசி,” என்றார் என் புருஷன். “சினிமால என் பேரு வருது, நீ குறுக்க நிக்கிற.” அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சந்தோஷம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அந்தோணி பிரபு, இளையவள் ஆஷ்லின். ஆஷ்லின் திண்டிவனத்தில் வேலைக்குப் போன இடத்தில் சேரன் என்கிற எலக்ட்ரீசியனோடு பழகி, கல்யாணமும் கட்டிக்கொண்டாள். முகையூர்ப் பக்கத்துப் பையன். அவனும் நம் வேதம்தான், அதே செபமாலைதான். ஆனால் அவன் ஊர்க் கோயிலுக்குச் சாதிக்கு ஒன்றாக இரண்டு கல்லறை. அவன் சனம் புதைக்கிற கல்லறை வேறு, அதுதான் குற்றம். பிரபு முகையூருக்கே போய், சேரனைக் காணாமல், அவன் அண்ணன் கையை வெட்டிவிட்டு வந்தான். ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வெளியே வந்த அன்றைக்கும் அவன் சொன்னது ஒன்றுதான். “ரெண்டு பேரும் என் கண்ணுல படட்டும். படற அன்னிக்குத்தான் நான் சோறு ருசிச்சித் துன்னுவேன்.”

பெற்ற வயிற்றுக்குத் தெரியும், அவன் வெறும் வாய்ச்சவடால் விடுகிறவன் அல்ல. என் போனையும் அவன் அப்பா போனையும் தினமும் எடுத்துப் பார்ப்பான். அதனால் ஆஷ்லின் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குத்தான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் புருஷன் மட்டும் சில நாள் சாப்பிடும்போது தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஷூட்டிங் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, நடுவில் ஐஸ் பெட்டி. மிஷின் ஓடாது, தலைமாட்டில் காற்றுக்குச் சின்னதாக ஓட்டை போட்டிருந்தார்கள். கேமரா எதிர்வீட்டு மொட்டை மாடியில். கீழே ஒரு ஆள் கையில் கேமராவோடு சுற்றினான், ஆனால் இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டில்தான் வீடியோக்காரன் இல்லை? நிஜச் சாவு மாதிரி இருக்கவேண்டும், யாரும் மாடியைப் பார்க்கக்கூடாது, யார் வந்தாலும் போனாலும் நிறுத்தாமல் அழவேண்டும் என்று அன்புச்செல்வன் கட்டளை போட்டிருந்தான். போன் அடித்துக் கெடுக்கப்போகிறது என்று ஊர்ச்சனம் அத்தனை பேர் போனையும் அணைத்து ஒரு கட்டைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பொறுப்பு பிரபுவுடையது. வேனை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போயிருந்தான்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பின்னால் இருந்து துப்பட்டாவைத் தலையில் போட்ட ஒருத்தி இறங்கினாள். நடையைப் பார்த்ததுமே நான் பாதி எழுந்துவிட்டேன். வயிற்றில் பிள்ளையோடு நடக்கிற நடை. அப்படியும் அவள் நடை எனக்குத் தெரியாதா?

“யப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஐஸ் பெட்டி மேல் விழுந்தாள் ஆஷ்லின்.

சேரன் திண்டிவனம் வழியாக வந்தவன் பேனரைப் பார்த்திருக்கிறான். அவளிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, நல்ல பிறவி. அவள் எங்கள் இரண்டு பேருக்கும் போன் அடித்திருக்கிறாள், அக்கம்பக்கத்துக்கும் அடித்திருக்கிறாள். எல்லாப் போனும் பையில் கிடந்தது. சாவு வீட்டில் ஊரே போனை எடுக்காமல் இருப்பது என்ன அதிசயம்?

“முகத்தப் பாத்துட்டுப் போயிடறம்மா,” என்று என் கையைப் பிடித்தாள். “அண்ணன் இருந்தாலும் இருக்கட்டும். சாவூட்ல யாரும் கை வைக்கமாட்டாங்கன்னு அவுருதான் இட்டாந்தாரு.”

உண்மைதான். எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட பகையாக இருந்தாலும் சாவு வீட்டு வாசலில் அது நின்றுவிடும். வெட்டிக்கொண்டவர்கள்கூட எதிர் எதிராக உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். பிரபுவும் அதை மீறமாட்டான். ஆனால் இது சாவு வீடு இல்லையே! செத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடிக்குள் படுத்திருக்கிறார். சாப்பாட்டு வேன் எந்த நிமிஷமும் வரும். வந்தால், “யார்டி செத்தா இங்க?” என்று கேட்பான். அதற்கு என்ன பதில் இருக்கிறது?

ஒரே வழிதான் இருந்தது. அவர் எழுந்திருக்கக்கூடாது. அப்பன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் இவள் அவர் மடியை விட்டு அசையமாட்டாள். அழுவாள், சிரிப்பாள், ஊரே கூடிவிடும், அதற்குள் வேன் வந்துவிடும். அப்பன் செத்தது செத்ததாகவே இருந்தால் முகம் பார்த்த கையோடு போய்விடுவாள்.

அவருக்கு எப்படிச் சொல்வது? மகள் குரல் கேட்டிருக்கும். மூடிய கண்ணுக்குள் கருவிழி உருள்வது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் மூக்குக்கு நேரே லேசாக ஆவி படிந்தது. நான் கழுத்து மாலையை இழுத்து அந்த இடத்தில் போட்டேன். பெட்டி மேல் தலையைச் சாய்த்து, ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஒப்பாரி எடுத்தேன்.

“கண்ணத் தெறக்காத எஞ்சாமி, நீ
கண்ணத் தெறந்தா குடி கெடும் எஞ்சாமி!
திண்டிவனம் ரோட்டுல வண்டி வருது எஞ்சாமி, நீ
படுத்த படுக்கையில படுத்திரு எஞ்சாமி!”

ஒப்பாரி என்றால் எழுந்திரு, ஒரு வார்த்தை பேசு என்றுதான் கெஞ்சும். படுத்திரு என்று கெஞ்சியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆஷ்லினுக்கு இருந்த துக்கத்தில் அது காதில் ஏறவில்லை. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஏறிவிட்டது. அதுவரை கண்ணில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தார்கள். தேவசகாயம் நெஞ்சு வெடிக்கிற குரலில் செபமாலையைத் தொடங்கினார். நாலைந்து பேர் எழுந்து வந்து, தெருவிலிருந்து பார்த்தால் ஆஷ்லின் தெரியாதபடி சுற்றி நின்றார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அத்தனை வருஷம் நாடகம் போட்ட ஊர், அன்றைக்குத்தான் உருப்படியாக நடித்தது.

“தெறம்மா, ஒரு முத்தம் குடுத்துக்கிறேன்,” என்றாள்.

“சாமியார் வர்ற வரைக்கும் தெறக்கக்கூடாது.”

“ஒரே ஒரு தடவைம்மா. ஒடம்பு ஜில்லுனு இருந்தாலும் பரவால்ல.”

ஜில்லென்று இல்லையடி, சூடாக இருக்கிறது என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “வயித்துல புள்ளய வச்சிக்கினு பொணத்த தொடக்கூடாது,” என்றேன்.

அவள் குனிந்து கண்ணாடி மேலேயே முத்தம் கொடுத்தாள். அப்புறம் வயிற்றைப் பெட்டியோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, “யப்பா, ஒன் பேரப்புள்ள வந்திருக்குப்பா, பாக்காமயே போய்ட்டியேப்பா,” என்றாள். நான் என் புருஷனைப் பார்த்தேன். கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. மார்பு மட்டும் அசையவில்லை. அவர் பிழைப்பிலேயே அப்படி ஒரு மூச்சை அவர் அடக்கியிருக்கமாட்டார். நான் முந்தானையை அவர் முகத்துக்கு மேலே கண்ணாடியில் விரித்து, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“பாத்துட்ட இல்ல, கெளம்பு,” என்று அவள் தோளைத் தள்ளினேன். “ஒங்கண்ணன் குழி வெட்ற எடத்துல இருக்கான். அடக்கம் வரைக்கும் நிக்காத. ஜல்தி போ.”

பெற்றவள் பிணத்தருகே இப்படி விரட்டுகிறாளே என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் கட்டை வேகிறவரைக்கும் போகாது. எங்களில் கட்டையை எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். மண்ணுக்குள்ளும் அந்தப் பார்வை என்னோடு வரும். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நம்பரும் வாங்கவில்லை. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் பைக்கில் ஏறினாள்.

பைக் சத்தம் தேய்ந்ததும் மாடியிலிருந்து கைதட்டல். “சூப்பர்மா! ஷாட் ஓகே! யாரும்மா அந்தப் பொண்ணு, சொல்லவே இல்லியே!” கீழே அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வேன் வந்தது. முந்திரித்தோப்புத் திருப்பத்தில் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும்.

அடுத்த ஷாட், செத்தவர் எழுந்து உட்கார்வது. பெட்டியைத் திறந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். கண் செக்கச் சிவந்திருந்தது. “அழுதது போதும், கஞ்சி ஊத்துங்கடா,” என்றார். சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர்ச்சனம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிரபுவுக்குச் சாயந்தரமே தெரிந்துவிட்டது. ஊர் சொல்லவில்லை, அன்புச்செல்வன்தான் பெருமையாக அந்த ஷாட்டைக் கேமராவோடு வந்த டிவியில் போட்டுக் காட்டினான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்! பிரபு அண்டாவை எட்டி உதைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். விடிந்துதான் வந்தான். கிடைக்கவில்லை. பைக் நம்பர் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவனும் சொல்லவில்லை. விஷயம் புரிந்ததும் அன்புச்செல்வன் என் காலில் விழாத குறை. அந்த ஷாட்டைப் படத்திலிருந்து நீக்கிவிடுகிறேன் என்று சத்தியம் செய்தான். படத்தையே நிறுத்திவிடு என்று நான் எப்படிக் கேட்பது?

அதற்கப்புறம் ஒருநாள் தேவசகாயம் என்னைக் கோயில் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு கோயிலுக்கு வேலையாகப் போனாராம். அங்கே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசையில் மரியஅந்தோணி ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பெண் பூசைக் கருத்து, அதாவது செத்தவர் பேரில் வேண்டுதல், கொடுக்கிறாளாம்.

“யாருன்னு பாத்தேன் இன்னாசி. கையில புள்ள. ஆம்பளப் புள்ள.”

இதை என் புருஷனிடம் சொல்லியிருக்கக்கூடாது, சொல்லிவிட்டேன். அவருக்கு அப்போது நெஞ்சு சரியில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். விழுப்புரத்தில் டாக்டரைப் பார்க்கணும், முதல் வெள்ளிக்கிழமைதான் போகணும் என்று பிடிவாதம் பிடித்தார். காரில் கூட்டிப்போனது பிரபு. பூசை பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதும், கோயில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். கோயிலுக்குள் அவன் வருவதை விட்டு நாளாகிவிட்டது.

சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் இருட்டான மூலையில் நாங்கள் உட்கார்ந்தோம். பூசைக்கு முன்னால் கருத்துகளை வாசித்தார்கள். “ஒலக்கூர் பக்கம் மரியஅந்தோணி ஆத்தும இளைப்பாற்றிக்காக, மகள் ஆஷ்லின், மருமகன் சேரன்.” தன் ஆத்துமத்துக்கு நடக்கிற பூசையில் என் புருஷன் முட்டி போட்டார். முன் வரிசையில் வெள்ளை முக்காடு. தோளில் ஒரு குழந்தை, இந்தப் பக்கம் பார்த்தபடி. அது என் புருஷனைப் பார்த்துச் சிரித்தது. அவர் கையைத் தூக்கினார். நான் பிடித்துக் கீழே இறக்கினேன். வாசலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். இவளுக்கு உண்மை தெரிந்தால் அன்றைக்கே எங்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள், நாங்கள் யார் கெஞ்சினாலும் கேட்கமாட்டாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. பூசை முடிவதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். “இன்னா சீக்கிரமே வந்துட்டீங்க?” என்றான் பிரபு. “ஒங்கப்பனுக்கு மூச்சு வாங்குது,” என்றேன்.

ஆஸ்பத்திரியில் பிரபு டோக்கன் வாங்க வரிசையில் நின்றான். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அன்புச்செல்வன் போன் பண்ணான் இல்ல? படம் எப்ப வருதாம்?”

“பொங்கலுக்குன்னான்.”

“போஸ்டர்ல நான் எழுந்து ஒக்காந்துகினு இருக்கிற படம்தான் போடுவான். விழுப்புரம் பூரா ஒட்டுவான். அவ பாப்பா.”

“பாக்கட்டும்.”

“பாத்தா? அன்னிக்கு நம்ம அழுதப்ப இந்தாளு உசுரோடதான் படுத்திருந்தாருன்னு தெரியும். திட்டறதுக்காவது ஓடியாருவா. அப்பறம் இவன்...” வரிசையில் நின்ற பிரபுவைப் பார்த்தார். “அதுக்கு முன்ன நான் நெசமாவே போய்ட்டன்னு வையி. அவ யாரையாவது கேட்டா, படம் முன்னயே எடுத்தது, எடுத்து முடிச்சதும் செத்துட்டாருன்னு ஆயிடும். அவ வரவேண்டிய தேவையே இருக்காது. பொங்கலுக்கு முன்ன போய்ட்டா தேவல, இன்னாசி.”

இதில் பாதி பேசியிருந்தாலும் நான் வேறு நாளில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். வாயைக் கழுவுய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பாவி நான், பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.